ஆணியில் தொங்கிய ஜோடி

டிசம்பர் பிறந்த முதல் வாரம், ஒரு புதன்கிழமை காலையில்தான் வில்ஃப் அந்த ஜோடியை ஆணியில் மாட்டினார். ஒரு சேவல், ஒரு பெட்டை. இரண்டும் அன்று அவர் சுட்டுக் கொண்டுவந்த, காட்டில் திரியும் ஃபெசன்ட் கோழிகள். இரண்டின் கழுத்தையும் ஒரே சணல் கயிற்றில் சுருக்குப் போட்டு, சமையலறைக்குப் பின்னால் வடக்குப் பார்த்த கல் அறையில், வெண்ணெய்ச் சட்டிக்கு மேலே தொங்கவிட்டார். தொங்கவிட்டுவிட்டு ஹில்டாவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இவன் காலைப் பாரு."

மாவுக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே ஹில்டா வந்தாள். சேவலின் காலைத் தூக்கிக் காட்டினார். பின்பக்கத்து முள் ரோஜாச் செடி முள்ளைப் போல நீண்டு கறுத்துக் கூராக இருந்தது.

"மூணு வருஷமா என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தான். புதருக்குள்ள ஓடுவானே தவிர பறக்கவே மாட்டான். இன்னிக்கு என்னமோ புத்தி கெட்டுப் பறந்துட்டான்."

"ஒரு கிழவனை இன்னொரு கிழவன் சுட்டாச்சாக்கும். இதுக்கு ஒரு பெருமை."

"பொறாமை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொங்கட்டும், அப்பத்தான் கறி பதப்படும். வறுத்துகிறுத்து வைக்காதே, செருப்புத் தோலாட்டம் இருக்கும். ஆப்பிள் கள்ளு ஊத்தி மெதுவா வேகவை."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க கோழியைத்தான் ஆக்கிப் போடறேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

வில்ஃப் சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் காட்டோரத்தில் கோழிகளுக்குத் தானியம் கொட்டும்போது மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை. கூடப் போன நாய் ஜெஸ் அவர் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அந்த எஸ்டேட்டில் வேட்டைக் கோழிகளை வளர்த்துக் காக்கும் தலைமைக் காவல்காரர் வில்ஃப். அவருக்குக் கீழே வேலை பார்த்த ரெஜ், அவருடைய தங்கை ஐவியின் புருஷன். அவன்தான் தேடிப் போய்ப் பார்த்தான்.

அடக்கம் முடிந்தது. மண் உறைந்து போயிருந்ததால் கடப்பாரை போட்டுத்தான் குழி தோண்டினார்கள். பெரிய வீட்டு முதலாளி வந்து தொப்பியைக் கழற்றி நின்றார். ஐவி அழுதாள். ரெஜ் மூக்கைச் சிந்தினான். ஹில்டா அழவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள், தட்டைக் கழுவினாள், நாய்க்குச் சோறு வைத்தாள். துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்கள். அவளுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. பனியில் வெகுநேரம் நின்ற கை எப்படி இருக்கும்? இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

சமைத்தாள், சாப்பிட்டாள். வாயில் போட்டது மரத்தூளா மாவா என்று தெரியாது. பசிக்கவும் இல்லை. மணி அடித்தால் சாப்பிட வேண்டும் என்று சாப்பிட்டாள்.

அந்த ஜோடி மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் கல் அறைக்குள் போவாள். வெண்ணெய் எடுக்கும்போது சேவலின் வால் இறகு கன்னத்தில் உரசும். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். தொங்குகிறது, அது போதும். வில்ஃப் ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்று சொல்லியிருந்தார். அவள் எடுக்காத வரைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூட இப்படி வார்த்தையாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஒருநாள் விறகு கொண்டுவந்த ரெஜ்ஜிடம் மட்டும் சொன்னாள். "உள்ள வில்ஃப் ஜோடி தொங்குது. அதை யாரும் தொடக்கூடாது."

ரெஜ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "சரிக்கா" என்றான்.

அந்த ஜோடி தொங்குவதைத்தான் ஐவியால் பொறுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் போய் ஜனவரி பாதியான பிறகு, ஒரு சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். ஐவி வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, அந்தச் சனியனை இறக்குங்க அண்ணி."

"எதை?"

"எதையா? அதைத்தான். ஆணியில தொங்குதே, அதை. வீட்டுக்குள்ள யாராவது இப்படி வச்சுக்குவாங்களா? ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு வேற வேலை இல்லியா?"

"குளிர்காலத்துல ஊருக்கு என்ன வேலை? பேசறதுதான் வேலை."

ரெஜ் தேநீரை இடது கடைவாய்ப் பக்கமாகவே உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. பேசினால் காற்று விசிலடித்தது. எப்படி உடைந்தது என்று ஹில்டா முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். வால்நட் கடித்தேன் என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. யாருக்குப் பல் போனால் என்ன, இருந்தால் என்ன என்றுதான் அப்போது இருந்தது.

"அக்கா," என்றான் ரெஜ், "விரட்டுக்காரங்க விருந்து வருது. இந்தத் தடவை வேற யாரையாச்சும் ஆக்கச் சொல்லட்டுமா? நீங்க சிரமப்பட வேணாம்."

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை அந்த விருந்து. பிப்ரவரி பிறந்துவிட்டால் துப்பாக்கியை உறையில் போட்டுவிட வேண்டும். வேட்டைக் காலம் முழுக்கக் கம்பால் புதரைத் தட்டிக் கோழிகளைப் பறக்கவிடுகிறவர்கள் விரட்டுக்காரர்கள். சுடுவது பெரிய வீட்டு விருந்தாளிகள். அந்த ஒரு நாள் மட்டும் எல்லாம் தலைகீழ். விரட்டுக்காரர்கள் சுடுவார்கள், முதலாளி கம்பைத் தூக்கிக்கொண்டு முட்புதரில் நடப்பார். அது முடிந்ததும் கொட்டகையில் சாப்பாடு. வேட்டை முடியும்போது ஆளுக்கு ஒரு ஜோடி கூலியோடு கிடைக்கும் இல்லையா, அதில் ஒரு கோழியை ஒவ்வொருவனும் பொதுப் பானைக்குக் கொடுக்க வேண்டும். காவல்காரர் மட்டும் ஒரு முழு ஜோடி கொடுப்பார். அது அந்த எஸ்டேட்டு வழக்கம். காவல்காரர் ஜோடி விழாத பானையில் யாரும் கரண்டி வைக்க மாட்டார்கள்.

"நான்தான் ஆக்கறேன்," என்றாள் ஹில்டா. "எப்பவும் நான்தானே."

"சரிக்கா. அப்ப காவல்காரர் ஜோடி நான் கொண்டாந்து..."

"வேணாம். வில்ஃப் ஜோடி இருக்கு. அதைத்தான் போடப்போறேன். இந்த வருஷம் வேட்டை முடியற வரைக்கும் அவர்தான் காவல்காரர்."

ஐவி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் ரெஜ்ஜின் பூட்ஸ் அவள் காலில் இடித்தது. ஹில்டா அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர அது என்ன என்று யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பிடிமானம் வந்தது என்று சொல்லலாம். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் எதையும் நினைக்க வேண்டாம். சனிக்கிழமை ஆணியிலிருந்து இறக்க வேண்டும், பானையில் போட வேண்டும், வில்ஃப் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். அவர் பங்கு ஊர்ச் சட்டியில் விழுந்துவிட்டால் அதோடு அவர் வேலை முடிந்தது. அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வரட்டும்.

சனிக்கிழமை நல்ல உறைபனி. காலையிலேயே ஐவி கை உதவிக்கு வந்துவிட்டாள். ஆட்கள் கொடுத்த கோழிகள் ஒரு வாரமாகக் கொட்டகை உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் முந்தின நாளே இருவரும் உரித்து வைத்திருந்தார்கள். பானைக்குப் போகிற கோழிக்கு இறகு பிடுங்க வேண்டியதில்லை. நெஞ்சுத் தோலைக் கிழித்துச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழற்றிவிடலாம். கால் துண்டு, நெஞ்சுத் துண்டு என்று வெட்டி, கால் நரம்பை இடுக்கியால் இழுத்து எடுத்தாயிற்று. பன்றிக் கொழுப்பில் துண்டுகளைச் சிவக்க வதக்கி, வெங்காயம், கேரட், டர்னிப் போட்டு, பிரிஞ்சி இலை கிள்ளிப் போட்டு, ஆப்பிள் கள்ளை ஒரு ஜாடி நிறைய ஊற்றி, பெரிய இரும்புப் பானையை அடுப்பில் ஏற்றியாயிற்று. யாரோ ஒருவன் கோழிக்குப் பதில் இரண்டு காட்டுப்புறா கொடுத்திருந்தான்.

"பாருங்க அண்ணி இவன் கஞ்சத்தனத்தை," என்றாள் ஐவி. "கோழியை வீட்ல வறுத்துத் தின்னுட்டு புறாவைக் குடுத்திருக்கான்."

"போடு. புறா நெஞ்சுக்கறி குழம்புக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும்."

தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஜெஸ் காதைத் தூக்கிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. ஹில்டா கல் அறைக்குள் போய், ஆணியிலிருந்து சணல் கயிற்றை எடுத்தாள். ஜன்னல் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சேவலை மடியில் வைத்தாள்.

"அதையும் உரிச்சிருங்களேன்," என்றாள் ஐவி. மாவு உருண்டைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. இதை இறகு பிடுங்கித்தான் செய்யணும்."

நெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே வேலை செய்தன. நாலைந்து பிடி பிடுங்கியதும் விரல் நின்றது.

வெகுநாள் தொங்கிய கோழிக்கு இறகு ஈரத்தில் ஊறிய இலை மாதிரி கையோடு வரும். இது வரவில்லை. சுண்டி இழுக்க வேண்டியிருந்தது. இழுத்த இடத்தில் தோல் வெளுப்பாக, இறுக்கமாக இருந்தது. வயிற்றுப் பக்கம் பச்சை ஏறவில்லை. குனிந்து முகர்ந்தாள். மெல்லிய கறி வாடை, அவ்வளவுதான். ஒரு வாரம் தொங்கியிருக்கும். மிஞ்சிப்போனால் பத்து நாள்.

அப்புறம்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள். முள் இருந்த இடத்தில் ஒரு பட்டாணி அளவுக்கு மொட்டை மொட்டு. போன வசந்தத்தில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுச் சேவல்.

அதற்கும் பிறகுதான் அந்தக் கணக்கு அவளுக்கு உறைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் மாட்டியது ஜனவரி கடைசி வரைக்கும் எப்படித் தொங்கும்? உறைபனியாகவே இருந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அதிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி உருகி மழை கொட்டியதே, அந்த அறையில் பால்கூடத் திரிந்துபோனதே. கழுத்து அறுந்து உடம்பு கீழே விழுந்திருக்க வேண்டுமே. எந்த ஊரில் போய்க் கேட்டாலும் கோழியை எத்தனை நாள் தொங்கவிடலாம் என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டு ஆணியில் தொங்கியதை மட்டும் அவள் ஒருநாளும் கணக்குப் போடவில்லை.

"ஐவி."

"ம்?"

"இது யாரோட சேவல்?"

கத்தி நின்றது. "வெங்காயம் கண்ணைக் கரிக்குது அண்ணி," என்றாள் ஐவி.

"இது யாரோட சேவல்னு கேட்டேன்."

"ரெஜ்ஜோடது."

"வில்ஃப்போடது எங்க?"

ஐவி கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தை முழங்கையால் துடைத்தாள். "அடக்கம் முடிஞ்ச வாரம் எடுத்துட்டுப் போனேன். உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் அண்ணி எடுத்தேன். சத்தியமா. 'அந்த ஜோடியை நான் எடுத்துக்கட்டுமா, வீணாப் போயிரும்'னு கேட்டேன். நீங்க பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க. 'ம்'னு சொன்னீங்க."

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்க. மறுநாளே ரெஜ்கிட்ட, வில்ஃப் ஜோடியை யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. உள்ள வெறும் கயிறுதான் தொங்குது. அதுக்கு நேரா நின்னுக்கிட்டு சொல்றீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவருதான், 'எதுவும் சொல்லாதே, அக்கா தாங்காது'ன்னு அன்னிக்குச் சாயங்காலமே எங்க ஜோடியைக் கொண்டாந்து அதே கயித்துல மாட்டிட்டாரு. அது கெட்டுப்போறதுக்குள்ள இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. விறகு கொண்டாரேன், விறகு கொண்டாரேன்னு வந்தாரே, எதுக்கு வந்தாருன்னு நினைச்சீங்க? உங்க வீட்ல விறகு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு, போய்ப் பாருங்க. நாங்க இந்த மாசம் பூரா தின்னது இங்கேர்ந்து இறக்குன கோழிதான். எனக்கு ஃபெசன்ட்டைப் பாத்தாலே குமட்டுது."

ஹில்டா மடியில் கிடந்த சேவலைப் பார்த்தாள். நெஞ்சு வழுக்கையாக இருந்தது. ஆத்திரம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரி இருந்தது.

"அதை என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

"எதை?"

"வில்ஃப் சேவலை."

"சாப்பிட்டோம். அண்ணன் கடைசியா சுட்டதாச்சே. நாய்க்கா போட முடியும்? நல்லாப் பெருசா, அழகா இருந்துச்சு. பேக்கன் சுத்தி, வெண்ணெய் தடவி, உள்ளே ஒரு ஆப்பிளை வச்சு வறுத்தேன்."

"என்ன பண்ணினே?"

"வறுத்தேன்."

"வறுத்தியா!"

ஜெஸ் துள்ளி எழுந்து நின்றது. அந்த வீட்டில் டிசம்பருக்குப் பிறகு யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

"அந்தக் கிழவனையா வறுத்தே? முள்ளைப் பாக்கலியாடி நீ? இத்தனை நீளம், ஊசியாட்டம் இருந்துச்சு! காவல்காரன் பொண்ணு, காவல்காரன் தங்கச்சி, காவல்காரன் பொண்டாட்டி, உனக்குத் தெரியாது? கிழச் சேவலை யாராவது வறுப்பாங்களா? அவர் மூணு வருஷம் அலைஞ்சாரு அதுக்கு! கள்ளு ஊத்தி வேகவைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு! போகும்போது அதைத்தான் சொல்லிட்டுப் போனாரு!"

"என்கிட்ட சொல்லலியே அண்ணி."

"முள்ளைப் பாத்தா தெரியாதா?"

"பாக்கல," என்றாள் ஐவி. அவள் குரல் சின்னதாகிவிட்டது. "அழுதுக்கிட்டே இறகு பிடுங்கினேன். எனக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியல."

அடுப்பில் பானை தளதளவென்று கொதித்தது. ஹில்டா திறந்த வாயை மூடினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கேவலமா இருந்துச்சு. பூட்ஸைக் கடிச்ச மாதிரி. அன்னிக்கு முழுக்க மென்னுக்கிட்டே இருந்தோம். அண்ணன் கடைசியா சுட்டதுன்னு துப்பவும் மனசு வரல."

கதவு திறந்தது. ஒரு கட்டு விறகோடு ரெஜ் உள்ளே வந்தான். மடியில் பாதி வழுக்கையாகக் கிடந்த சேவலைப் பார்த்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். விறகை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ரெஜ்," என்றாள் ஹில்டா. "பல்லைக் காட்டு."

"என்னக்கா?"

"பல்லைக் காட்டுன்னேன். எதைக் கடிச்சே?"

ரெஜ் தலையைச் சொறிந்தான். "மச்சான் துப்பாக்கி ரவைதான்க்கா. நெஞ்சுக் கறிக்குள்ள கிடந்துச்சு. கறியும் கல்லு மாதிரி, ரவையும் கல்லு மாதிரி. எது எதுன்னு தெரியாம அழுத்திக் கடிச்சுட்டேன்." விசில் அடித்தது. "உயிரோட இருந்தப்ப முப்பது அடியில முயலை விட்டுருவாரு. செத்தப்புறம் குறி தப்பாம என்னைச் சுட்டுட்டாரு."

ஐவிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கலாகப் போயிற்று. ஹில்டா இருவரையும் பார்த்தாள். சிரிக்கலாம் போல இருந்தது. அதற்குள் வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது, சிரிப்பும் பாதி வழியில் நின்றுவிட்டது. பழையபடி எல்லாம் மரத்துக் கிடந்தது. ஆனால் இவ்வளவு நேரம் கத்தியதில் தொண்டை மட்டும் கரகரவென்று எரிந்தது.

"மன்னிச்சுக்கக்கா," என்றான் ரெஜ். "எங்களுக்கு வேற வழி தெரியல."

"விறகை அடுப்புல போடு. தீ குறையுது."

மிச்ச இறகையும் பிடுங்கினாள். பெட்டையையும் பிடுங்கினாள். குடலை எடுத்தாள், நெருப்பில் காட்டி மயிரைப் பொசுக்கினாள். இரண்டும் இளசு. நல்ல அடுப்பில் நெஞ்சைக் கீழே கவிழ்த்து வைத்து வறுத்துத் தின்ன வேண்டிய கோழிகள். பானையில் போட்டால் கரைந்துபோகும். ஆனால் வழக்கம் வழக்கம்தான். அதனால் நெஞ்சுக் கறியை மட்டும் மெல்லிசாக அரிந்து தனியே வைத்தாள். பானையில் மற்றதெல்லாம் வெந்து, மேலே மாவு உருண்டைகளைப் போட்டு அவையும் ஊதிப் பெருத்த பிறகு, கடைசியில் அதைப் போட்டு மூடினாள். கொதி அடங்குகிற சூட்டிலேயே அது வெந்துவிடும்.

மத்தியானம் திரும்பியதுமே வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிட்டது. ரெஜ்ஜும் இன்னொருவனும் கம்பைக் கோத்துப் பானையைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்கள் சேற்றுக் காலோடு வைக்கோல் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கன்னத்தில் முள் கிழித்த கோடு. ஆளாளுக்கு அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா புதருக்குள்ள போனாரு, கோழி வரல. ஐயாவோட தொப்பிதான் பறந்து வந்துச்சு. பர்ட் அதைச் சுட்டுட்டான்."

"தொப்பியா அது? பெட்டைக் கோழின்னு நினைச்சேன். நல்லா உயரமாப் பறந்துச்சு."

ஹில்டா உள்ளே வந்ததும் சத்தம் அடங்கியது. தட்டுகள் நீண்டன. அவள் கரண்டியை எடுக்கும்போது பர்ட் எழுந்து தொப்பியைக் கழற்றினான். விரட்டுக்காரர்களிலேயே மூத்தவன் அவன். வில்ஃப்போடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஹில்டா, வில்ஃப் ஜோடி இதுல இருக்குன்னு சொன்னாங்க. அதுக்காக எல்லாரும் எந்திரிச்சு நின்னு முதல் வாய் சாப்பிடலாமான்னு கேக்கறானுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். ஐவி தரையைப் பார்த்தாள். ரெஜ் தட்டைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ரெஜ் வாய் திறக்க மாட்டான். ஐவியும் இனி செத்தாலும் சொல்ல மாட்டாள். இத்தனை வாரமாக அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"இல்ல பர்ட்," என்றாள் ஹில்டா. "வில்ஃப் ஜோடி டிசம்பர்லயே சாப்பிட்டாச்சு. வீட்டு ஆளுங்கதான் சாப்பிட்டாங்க. இது ரெஜ் ஜோடி. இனிமே காவல்காரர் ஜோடி அவனோடதுதான். நின்னே சாப்பிடுங்க, பரவால்ல."

பர்ட் ரெஜ்ஜின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். ரெஜ் தலை நிமிரவில்லை. அவள் முதல் கரண்டியை அவன் தட்டில்தான் ஊற்றினாள். பிறகு வரிசையாக எல்லோருக்கும். கடைசியில் தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டு ஐவி பக்கத்தில் வைக்கோல் கட்டில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். மற்ற வருஷங்களில் இந்நேரம் இரண்டாவது தட்டுக்குச் சண்டை நடக்கும். இன்றைக்குக் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலாளி மென்றுகொண்டே அவளைப் பார்த்து, "பிரமாதம்" என்று தலையாட்டினார்.

ஹில்டா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். குழம்பை மட்டும் இன்னொரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஐவி."

"என்ன அண்ணி?"

"இதுல உப்பே இல்ல."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"உப்பே போடல நான். ஒரு கல்லு உப்புகூட இல்ல. நீங்க எல்லாரும் எப்படித் தின்னுட்டு இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கு ஹில்டா," என்றான் பர்ட்.

"பொய் சொல்லாதே. பானைத் தண்ணியாட்டம் இருக்கு. ரெஜ், நீ சொல்லு. போன வாரம் உங்க வீட்டுக்கு மாவுக்குள்ள கறி வச்சுச் சுட்டுக் குடுத்துவிட்டேனே, அதுல உப்பு இருந்துச்சா?"

ரெஜ் ஐவியைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்குறே? என்னைப் பாத்துச் சொல்லு."

"இல்லக்கா."

"அதுக்கு முந்தி?"

"அதுலயும் இல்லக்கா. கிறிஸ்துமஸ் கேக்ல..." அவன் விசில் பல்லை நாக்கால் தடவினான். "கேக்ல சர்க்கரை இல்லக்கா."

"சர்க்கரை இல்லாத கேக்கையா தின்னீங்க?"

"பறவைங்களுக்குப் போட்டோம்," என்றாள் ஐவி. "அதுங்களும் தின்னல."

எங்கேயோ பின்னால் ஒருவன் சிரிப்பை அடக்க மாட்டாமல் தும்மல் மாதிரி வெளியே விட்டான். ஹில்டா எழுந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. விறகுப் புகையோ என்னவோ, அவள் அதைத் துடைக்கவில்லை.

"உங்களை எல்லாம் என்ன பண்றது? வாயில்லாப் பூச்சிங்களா நீங்க? மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். "தட்டைக் கொண்டாங்க. எல்லாத்தையும் பானையிலயே திருப்பிக் கொட்டுங்க. ஐயா, நீங்களுந்தான். ஐவி, ஓடிப் போய் உப்பு ஜாடியை எடுத்துட்டு வா. அடுப்புக்கு மேல, இடது பக்கம் இருக்கும்."

ஐவி ஓடினாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தட்டில் இருந்ததைப் பானையில் கவிழ்த்தார்கள். உப்பு வந்ததும் ஹில்டா கை நிறைய அள்ளிப் போட்டுக் கிளறினாள், ருசி பார்த்தாள், இன்னும் அரைக் கை போட்டாள். மறுபடியும் ருசி பார்த்தாள்.

"ம்," என்றாள். "இப்ப வாங்க."